தன்னந்தனியா ஓடினாங்களாம்!

"தன்னந்தனியாக 100 கிலோமீட்டர் ஓடி சாதனை!" இந்த மாதிரி ஒரு தலைப்பை வருஷத்துக்கு நாலு தடவையாவது பேப்பர்ல பார்க்கிறேன். பார்க்கும் போதெல்லாம் பத்திக்கிட்டு வருது. தன்னந்தனியான்னா எப்படிங்க? பதினாலு மணி நேரம் ஓடற மனுஷனுக்குத் தண்ணி யாரு குடுத்தா? ராத்திரி ரெண்டு மணிக்கு கால்ல கொப்புளம் வெடிச்சப்போ டார்ச் பிடிச்சது யாரு? வேர்வையில நனைஞ்ச பனியனை மாத்திவிட்டு, ஈரத் துணியைக் கழுத்துல போட்டுவிட்டு, வாந்தி எடுத்தா தலையைப் பிடிச்சது யாரு? புளியமரத்துப் பேயா?

எழுதறவங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்லை. ஓடறவங்களே பேட்டியில அப்படித்தான் சொல்றாங்க. "எனக்கும் ரோட்டுக்கும் மட்டும்தான் போட்டி"ன்னு. கேட்க நல்லாத்தான் இருக்கு. போட்டோவுக்கு வெளியில நிக்கிறவங்க நாலு பேரு.

விஷயம் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. மாரத்தான்னா 42.195 கி.மீ. அதைத் தாண்டினா எல்லாமே அல்ட்ராமாரத்தான். 50, 100, 160, 217ன்னு போய்க்கிட்டே இருக்கும். 24 மணி நேர ஓட்டம்னு இன்னொண்ணு இருக்கு. 400 மீட்டர் டிராக்கையே நாள் முழுக்கச் சுத்தணும், யார் அதிக தூரமோ அவங்க ஜெயிச்சாங்க. 2022 ஜூலையில பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்துல நடந்த ஆசிய-ஓசியானியா 24 மணி நேரப் போட்டியில அமர் சிங் தேவண்டா 258.418 கி.மீ. ஓடி முதலாவதா வந்தார். ஆண்கள் அணித் தங்கமும் நமக்குத்தான். அந்த 258 கிலோமீட்டரையும் அவர் கால்தான் ஓடிச்சு, மறுக்கலை. ஆனா இந்த மாதிரி ஓட்டத்துல டிராக் ஓரமா மேஜை போட்டு, 24 மணி நேரமும் கண்ணு மூடாம வாயில ஊட்டறதுக்குன்னே ஆட்கள் நிப்பாங்க. இவங்களைத்தான் 'க்ரூ'ன்னு சொல்றாங்க. கப்பல்ல, பிளேன்ல சொல்ற அதே க்ரூதான். பெரும்பாலும் புருஷன், பொண்டாட்டி, அம்மா, தம்பி, ரூம்மேட். சம்பளம் கிடையாது, டி-ஷர்ட் கிடையாது, மெடல் கண்டிப்பா கிடையாது.

நான் நடுநிலையானவன் இல்லைன்னு இப்பவே சொல்லிடறேன். எங்க அக்கா ஓடறா. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்ஷன்ல வேலை. ஷிப்ட் முடிஞ்சு வந்து ஆரணியிலேர்ந்து பெரியபாளையம் ரோட்டுல ஓடுவா. அவளுக்கு மூணு தடவை க்ரூவா போயிருக்கேன். படிக்கிறது பி.காம். அதனால கணக்கும் சட்டமும் நடுவுல நடுவுல எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கோங்க :-)

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசே இல்லை. ஆடி மாசம் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு நடந்து வர்ற கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. நடக்கிறவங்க முன்னாடி. பின்னாடியே ஒரு குட்டி யானை (டாடா ஏஸ்தான்) உருண்டு வரும். அதுல தண்ணி டிரம், புளிசாதம், போர்வை, கால் போனவங்க ரெண்டு பேரு, அழற குழந்தை ஒண்ணு. அந்த வண்டியை ஓட்டறவரும் கோயிலுக்கு வந்தவர்தான்னு எல்லாரும் ஒத்துக்குவாங்க. "நான் தனியா நடந்து வந்தேன்"னு அங்க யாராவது சொன்னா சாமியே சிரிச்சிடும். அதே ஆளுங்க ஓட்டத்துல பேர் குடுத்து நெஞ்சுல நம்பர் குத்திக்கிட்டா மட்டும் தனி ஆளாயிடறாங்க. அது எப்படின்னுதான் எனக்குப் புரியலை.

சூபியா கான்னு ஒரு அக்கா இருக்காங்க, ராஜஸ்தான் அஜ்மீர்க்காரங்க. டெல்லி ஏர்போர்ட்ல வேலை பார்த்தவங்க. 2019-ல காஷ்மீர்லேர்ந்து கன்னியாகுமரிக்கு 87 நாள்ல ஓடினாங்க. அப்புறம் 2020 டிசம்பர்ல கிளம்பி 2021 ஏப்ரல்ல முடிச்சாங்களே, தங்க நாற்கரச் சாலை முழுக்க, 6,002 கி.மீ., 110 நாளும் சில மணி நேரமும். அந்தச் சாலையோட சென்னை-கொல்கத்தா பக்கம் நம்ம கும்மிடிப்பூண்டி வழியாத்தான் போகுது. அங்க ஒரு நாளாவது பைக்ல போனவங்களுக்குத் தெரியும், கன்டெய்னர் லாரி பக்கத்துல போனா காத்தே நம்மளை இழுக்கும். அந்த மாதிரி ரோட்டுல நூத்திப்பத்து நாள் ஓடற பொண்ணுக்கு வண்டியோட கூடவே வந்தது அவங்க துணைவர் விகாஸ். சாதனையா பதிவானது ஒரு பேரு. சூபியா தன் பேட்டிகள்ல அவரைச் சொல்லத்தான் செய்யறாங்க. நமக்குத்தான் காதுல விழறதில்லை.

சரி, க்ரூன்னா என்ன வேலை? கை தட்டறது, பாட்டு போடறது, "சூப்பர்! வந்துட்டோம்! இன்னும் கொஞ்ச தூரம்தான்!"னு பொய் சொல்றது... இதுதான்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இல்லவே இல்லை. க்ரூ வேலை கணக்கு எழுதற வேலை. சுத்தமான கணக்கர் வேலை.

எங்க குட்டி யானையில (மாமாவோடது, பகல்ல சிப்காட்டுக்கு லோடு அடிக்கிறது, ராத்திரி அக்காவுக்கு) ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கும். மணி, கிலோமீட்டர், உள்ளே போன தண்ணி எத்தனை மில்லி, உப்பு எவ்வளவு, என்ன சாப்பிட்டா, கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனா, என்ன நிறம், எடை எவ்வளவு. வரவு, செலவு, இருப்பு. பொட்டி நிறைய சாமான் இருக்கும்: உப்பு தூவின வேக வெச்ச உருளைக்கிழங்கு, எலுமிச்சை, கடலை மிட்டாய், தயிர் சாதம், ஊசி, பிளாஸ்திரி, வாசலைன், ஒரு சைஸ் பெரிய ஷூ (கால் வீங்கும்), எடை பார்க்கிற மெஷின். ஓஆர்எஸ் மருந்துக்கடைப் பொட்டலம்தான், ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒண்ணு. டெட்ரா பாக்கெட்ல சர்க்கரைத் தண்ணியை அடைச்சு ஓஆர்எஸ்னு பேர் போட்டு வித்துக்கிட்டிருந்தாங்களே, உலக சுகாதார நிறுவனத்தோட அளவுக்கு இல்லாத எதுக்கும் அந்தப் பேர் கூடாதுன்னு 2025 அக்டோபர்லதான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. நாங்க அதுக்கு முன்னாடியே வாங்கறதில்லை. மாமாவுக்கு விலை கட்டுப்படியாகாது, அவ்வளவுதான் காரணம் :-)

எடை மெஷின் எதுக்குன்னு கேட்பீங்க. இங்கதான் எல்லாரும் தப்பா நினைக்கிற சமாச்சாரம். ஓடும்போது தண்ணி குறைஞ்சாதான் ஆபத்துன்னு நினைக்கிறோம். அதிகமானாலும் ஆபத்து. வேர்வையில உப்பு போகுது, நாம வெறும் தண்ணியா ஊத்திக்கிட்டே இருக்கோம், ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போகுது, மூளை வீங்குது. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 28 வயசுப் பொண்ணு ஒருத்தங்க இதுல செத்தே போனாங்க. அதே ஓட்டத்துல 488 பேரோட ரத்தத்தை எடுத்துப் பார்த்ததுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்தது. அந்த ஆய்வு 2005-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது. இப்படிக் குறைஞ்சதோட முக்கியமான தொடர்பு எதோட தெரியுமா? ஓட்டத்தின்போது எடை கூடினதோட. ஓடி முடிச்சவன் இளைச்சிருக்கணும். எடை கூடியிருந்தா அது ஒரு எச்சரிக்கை மணி. இதை ஓடறவங்க தாங்களாவே கண்டுபிடிக்க முடியாது. குழம்பிப் போன மூளையே தான் குழம்பிட்டேன்னு எப்படிச் சொல்லும்? பக்கத்துல நோட்டோட ஒருத்தன் நிக்கணும்.

போன தடவை நடந்ததைச் சொல்றேன். பக்கத்து மாவட்டத்துல ஒரு 100 கி.மீ. ஓட்டம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி ராத்திரி முழுக்க. பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவைதான் க்ரூ வண்டிக்கு அனுமதி, நடுவுல அவங்களே தண்ணி மேஜை போட்டிருந்தாங்க. கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எங்க வீட்டுச் சமையல்கட்டுல உட்கார்ந்து அக்காவே ஒரு பட்டியல் எழுதினா. "இதுல எது நடந்தாலும் என்னை நிறுத்து. நான் என்ன சொன்னாலும் கேட்காதே." எடை கிளம்பினப்போ இருந்ததை விட அதிகமானா. பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லத் தெரியலைன்னா. மூத்திரம் கோலா நிறத்துல வந்தா. நெஞ்சு வலிச்சா. ரெண்டு தடவை கீழே விழுந்தா. அதுக்குக் கீழேயே கோடு போட்டு இன்னொரு பட்டியல்: "கால் வலி, அழுகை, உன்னைத் திட்டறது, வாந்தி ஒரு தடவை, அம்மா. இதுக்கெல்லாம் நிறுத்தாதே." ஆமாம், 'அம்மா'ன்னு தனியா எழுதியிருந்தா.

நாற்பதாவது கிலோமீட்டர்ல அக்கா அழுதுக்கிட்டே வந்தா. அம்மா வண்டியிலேர்ந்து இறங்கி, "போதும்டி கண்ணு, வண்டியில ஏறிடு, இந்தக் கண்றாவி யாருக்கு வேணும்"னு கையைப் பிடிச்சுட்டாங்க. "அம்மா, எடை சரியா இருக்கு, வாய்ப்பாடு சொல்றா. அழுகை இந்தப் பக்கத்துப் பட்டியல்ல இருக்கு, விடுங்க"ன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... விட்டாங்க. அறுபதுல நல்லாயிருந்தா, சிரிச்சா, உருளைக்கிழங்கு ரெண்டு சாப்பிட்டா.

எண்பதுல வந்தப்போ விடிகாலை அஞ்சு மணி. மோதிரம் விரலை இறுக்கிக்கிட்டிருந்தது. தலைவலின்னா. மெஷின்ல ஏத்தினா 55.6. கிளம்பினப்போ 54.2. நடுவுல இருந்த மேஜைகள்ல எல்லாம் "குடிங்க மேடம், குடிங்க மேடம்"னு வெறும் தண்ணியா குடுத்திருக்காங்க. வாய்ப்பாடு கேட்டேன். "பதிமூணு மூணு முப்பத்தொன்பது... பதிமூணு நாலு..." அப்படின்னு நிறுத்திட்டு என்னைப் பார்த்து, "நீ எப்போடா காலேஜ்லேர்ந்து வந்தே?"ன்னு கேட்டா.

"அக்கா, முடிஞ்சது. உட்காரு"ன்னேன். "டேய், இருபதுதான்டா இருக்கு, விடுடா"ன்னு கையைத் தட்டிவிட்டா. அங்க நின்ன தன்னார்வலர் ஒருத்தர் என் தோளைத் தட்டி, "இன்னும் இருபதுதானே தம்பி, மோட்டிவேட் பண்ணுங்க, நீங்களே இப்படி மனசு விட்டா எப்படி?"ன்னார். மோட்டிவேட்! மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிச்சு உட்கார வெச்சோம். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தா சோடியம் 127. 135-க்குக் கீழே போனாலே குறைவுன்னு கணக்கு. அந்த இருபது கிலோமீட்டரை அவ ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு டாக்டர் சொன்னதை இங்க எழுத எனக்கு மனசு வரலை. அக்கா அஞ்சு நாள் என்கூடப் பேசலை. பேச வேண்டாம், உயிரோட கோவமா இருக்கட்டும்.

அந்தத் தன்னார்வலர் கெட்டவர் இல்லை. ராத்திரி முழுக்க அவரும் சம்பளமில்லாம நின்னவர்தான். ஆனா அவர் தலைக்குள்ள இருக்கிற க்ரூங்கிறது ரீல்ஸ்ல பார்த்த க்ரூ. ஓடறவன் விழறான், கூட இருக்கிறவன் கண்ணீரோட தூக்கி விடறான், பின்னாடி வயலின். "விட்டுடாதே"ன்னு சொல்றவன்தான் அன்பானவன், "போதும்"னு சொல்றவன் கோழை. இந்த நினைப்பு ரொம்ப ஆபத்தானது. எனக்கு இருக்கிற சண்டை முக்கியமா இதோடதான், மெடலோட இல்லை. க்ரூவுக்கு மரியாதை குடுங்கன்னு நான் கேட்கறது மாலை போடறதுக்காக இல்லை. நிறுத்தற அதிகாரம் அவங்க கையில இருக்குன்னு எல்லாரும் ஒத்துக்கணும்ங்கறதுக்காக. பேரே இல்லாதவனுக்கு அதிகாரம் எங்கேர்ந்து வரும்?

மத்த இடத்துல எல்லாம் இதை ஒத்துக்கிட்டிருக்காங்க. இங்கிலீஷ் கால்வாயை நீந்தறதை எடுத்துக்கோங்க. நீந்தறவர் கூடவே ஒரு படகு வரும். படகைத் தொடக்கூடாது. சாப்பாட்டைக் கோலிலோ கயித்திலோ கட்டித்தான் நீட்டணும். ஆனா "போதும், தூக்குங்க"ன்னு படகோட்டி சொல்லிட்டா அதுதான் கடைசி வார்த்தை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் பேரு நம்ம ஆட்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியலை. 1971-ல பாக் நீரிணையை 51 மணி நேரத்துல போய்த் திரும்பவும் வந்தவர். 1984 ஆகஸ்ட்ல இங்கிலீஷ் கால்வாய் முயற்சியிலதான் அவர் உயிர் போச்சு. அவ்வளவு பெரிய நீச்சல்காரரையே விழுங்கற கடல்ல, கூட வர்ற படகுக்குக் கடைசி வார்த்தை குடுத்திருக்கிறது சும்மா இல்லை. 1994-ல ஒரே வருஷத்துல ஆறு நீரிணைகளை நீந்தின நம்ம குற்றாலீஸ்வரனைத் தெரியும். அவர்கூட வந்த படகுல யார் யார் இருந்தாங்கன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவுல வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்னு நூறு மைல் ஓட்டம், இந்த விளையாட்டுக்கே தாத்தா மாதிரி. அது எப்படிப் பொறந்துச்சுன்னா, அங்க முதல்ல குதிரைப் பந்தயம்தான் நடந்துக்கிட்டிருந்தது. 1974-ல கோர்டி ஐன்ஸ்லின்னு ஒருத்தர் குதிரை இல்லாம அதே நூறு மைலைக் கால்லயே ஓடி 23 மணி 42 நிமிஷத்துல முடிச்சார். அந்தக் குதிரைப் பந்தயத்துல வழி நெடுக கால்நடை மருத்துவருங்க நிப்பாங்க. நாடி பார்ப்பாங்க, நொண்டுதான்னு பார்ப்பாங்க. "இந்தக் குதிரை போகக்கூடாது"ன்னா போகக்கூடாது, மேல உட்கார்ந்திருக்கிறவன் கோடீஸ்வரனா இருந்தாலும் சரி. குதிரைக்குக் கிடைச்ச பாதுகாப்பு எங்க அக்காவுக்குக் கூடாதா?

அமெரிக்காவுல பேட்வாட்டர் 135-னு ஒண்ணு. மரணப் பள்ளத்தாக்குல, ஜூலை மாசத்துல! கடல் மட்டத்துக்கு 85 மீட்டர் கீழேர்ந்து கிளம்பி 217 கி.மீ. மலை மேல. அதுல க்ரூ இல்லாம நீங்க ஓடவே முடியாது. குறைஞ்சது ரெண்டு பேர், அதிகபட்சம் நாலு பேர், விதியிலேயே இருக்கு.

கூட யாருமில்லாம விட்டா என்ன ஆகும்ங்கறதுக்குச் சீனாவைப் பாருங்க. 2021 மே 22, கான்சு மாகாணம், 100 கி.மீ. மலை ஓட்டம். 172 பேர் கிளம்பினாங்க. மத்தியானம் திடீர்னு ஆலங்கட்டி மழை, பனிக்காத்து. பாதிப் பேர் அரை டிராயர்ல. 21 பேர் செத்தாங்க. அதுல அந்த நாட்டோட பெரிய பெரிய ஓட்டக்காரங்களே இருந்தாங்க. ஆறு பேரைக் காப்பாத்தினது யாரு தெரியுமா? ஆடு மேய்க்கிற ஒரு ஆளு. மழைக்குக் குகையில ஒதுங்கினவர், வெளியில ஆட்கள் தடுமாறறதைப் பார்த்து உள்ள கூட்டிட்டு வந்து தீ மூட்டி, போர்வை போத்தி உட்கார வெச்சார். ஜூ கெமிங்னு பேரு. கடிகாரம் கட்டின அமைப்பாளர்கள் செய்யாததை அவர் செஞ்சார். க்ரூன்னா அவர்தான்.

இப்போ நான் எதிர்பார்க்கிற கேள்விக்கு வர்றேன். நியாயமான கேள்விதான். "உடம்பு அவங்களோடது, முடிவும் அவங்களோடதுதானே? தம்பிக்கும் புருஷனுக்கும் நிறுத்தற அதிகாரம் குடுத்தா, நம்ம ஊர்ல பொண்ணுங்க ஓடவே முடியுமா?" முடியாது. அது எனக்குத் தெரியும். எங்க அம்மா நாற்பதுலயே நிறுத்தியிருப்பாங்க. எங்க பெரியப்பா அவ ஷூ வாங்கின அன்னிக்கே நிறுத்தியிருப்பார். அக்கறைங்கற பேர்ல நிறுத்தறதுக்கு நம்ம வீடுகள்ல ஆளுக்குப் பஞ்சமா?

இதோட எதிர்ப்பக்கமும் இருக்கு. 2006 மே மாசம் ஒரிசாவுல புதியா சிங்னு நாலு வயசுப் பையன், நாலே வயசு, பூரியிலேர்ந்து புவனேஸ்வருக்கு ஓடினான். 70 கி.மீ. திட்டம், 65-ல முடியாம நின்னான். கூட பயிற்சியாளர் இருந்தார், கூட்டம் இருந்தது, டிவிக்காரங்க இருந்தாங்க. கூட ஆள் இல்லைன்னா சொல்ல முடியும்? ஆனா கூட இருந்த யாருக்கும் அன்னிக்கு அவன் நிக்கறதுல லாபமில்லை. அப்புறம் அரசாங்கம்தான் நீண்ட தூரம் ஓடக்கூடாதுன்னு தடை போட்டது.

ஆக, கூட ஒருத்தர் இருந்தா மட்டும் போதாது, அவர் எதுக்கு நிறுத்தலாம் எதுக்கு நிறுத்தக்கூடாதுன்னு ஓடறவங்களே தெளிவா இருக்கும்போது எழுதி வைக்கணும். இங்கதான் என் பிசினஸ் லா பேப்பர் உதவிக்கு வருது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்துல முகவாண்மைன்னு ஒரு பாடம். ஒருத்தர் முதல்வர் (சி.எம். இல்லீங்க, வேலையைக் குடுக்கறவர்), இன்னொருத்தர் அவருக்காகச் செய்யற முகவர். பிரிவு 185: முகவரா இருக்கிறதுக்கு எந்தப் பிரதிபலனும் தேவையில்லை. பைசா வாங்காத க்ரூவும் முகவர்தான்னு நான் எடுத்துக்கறேன். பிரிவு 211: முதல்வர் சொன்னபடிதான் நடக்கணும். பிரிவு 189: அவசர நேரத்துல, சாதாரண புத்தியுள்ள ஒருத்தன் தன் சொந்த விஷயத்துல என்ன செய்வானோ, அதையெல்லாம் முதல்வரை நஷ்டத்திலேர்ந்து காப்பாத்த முகவர் செய்யலாம். அடடான்னு துள்ளிக் குதிச்சேன். கொஞ்சம் தள்ளி பிரிவு 201-ல ஒரு இடி. முதல்வருக்குப் புத்தி பேதலிச்சா முகவாண்மை முடிஞ்சு போகும்! அதாவது அக்கா பதிமூணாம் வாய்ப்பாட்டை மறந்த நிமிஷமே என் பதவி காலி. எப்போ நான் தேவையோ அப்போ சட்டம் என்னை அனுப்பிடுது. வெள்ளைக்காரன் வியாபாரத்துக்கு எழுதின சட்டம், ராத்திரி ஓட்டத்தை எங்க நினைச்சான்!

ஆனா வேற இடத்துல நம்ம நாட்டுச் சட்டமே இதை யோசிச்சிருக்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல, மனசு தெளிவா இருக்கும்போதே "எனக்கு முடியாமப் போனா இப்படிச் செய்யுங்க, இப்படிச் செய்யாதீங்க, எனக்காகப் பேச வேண்டியவர் இவர்"னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அக்கா சமையல்கட்டுல எழுதினதும் அதுதானே? சமையல்கட்டுல உட்கார்ந்திருந்த அக்காதான் முடிவெடுத்தா. எண்பதாவது கிலோமீட்டர்ல நான் அவ பேச்சை மீறலை. அவ பேச்சைத்தான் கேட்டேன். நாற்பதுல அம்மாகிட்டேர்ந்து அவளைக் காப்பாத்தினதும் அதே காகிதம்தான். ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. அந்தக் காகிதம் இல்லாம "நான் பார்த்துக்கறேன்"னு கிளம்பற க்ரூ, ஒண்ணு அடிமையா இருக்கும், இல்லைன்னா பெரியப்பாவா இருக்கும்.

அதனால அமைப்பாளர்களுக்குச் சொல்றேன். நுழைவுக் கட்டணம் ஆயிரக்கணக்குல வாங்கறீங்க. அந்தப் படிவத்துலயே ஒரு பக்கம் சேருங்க: க்ரூ யாரு, எந்த நிலையில நிறுத்தலாம், ஓடறவர் கையெழுத்து. க்ரூ வந்து "நிறுத்தறோம்"னு சொன்னா உங்க ஆளு தோளைத் தட்டி மோட்டிவேட் பண்ணாம டாக்டரைக் கூப்பிடணும்னு அவருக்குச் சொல்லிக் குடுங்க. தண்ணி மேஜையில உப்பும் வைங்க. அப்புறம் க்ரூ நிக்கிற இடத்துல ஒரு கக்கூஸ் கட்டுங்க சாமி. எங்க அம்மாவுக்கு 51 வயசு. அந்த ராத்திரி முழுக்க அவங்க தண்ணி குடிக்காம இருந்தது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? ஓடறவங்களுக்கு மட்டும் மூணு மொபைல் டாய்லெட் வெச்சு, "க்ரூ நாட் அலவுட்"னு ஒட்டியிருந்தீங்க.

ஓடறவங்களுக்கும் ஒண்ணு. "என்ன ஆனாலும் என்னை நிறுத்த விடாதீங்க"ன்னு க்ரூகிட்ட சத்தியம் வாங்கறது வீரம்னு நினைக்காதீங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தச் சத்தியத்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப் போறது அவங்க. பிரிவு 222 படி, முறையா வேலை செஞ்ச முகவருக்கு வர்ற நஷ்டத்தை முதல்வர் ஈடு கட்டணும். இந்த நஷ்டத்தை எப்படிங்க கட்டுவீங்க?

அக்கா இப்போ மறுபடி 100-க்குப் பேர் குடுத்திருக்கா. வேற ஊரு, வேற அமைப்பு. பட்டியலைப் புதுசா எழுதியிருக்கா. "மேஜையில வெறும் தண்ணி ரெண்டு டம்ளருக்கு மேல குடிச்சா நானே வந்து சொல்லணும்"னு ஒண்ணு சேர்ந்திருக்கு. "அம்மா" ரெண்டாவது பட்டியல்ல அப்படியே இருக்கு. நான் என் பங்குக்கு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை க்ரூவுல ஒருத்தர் அரை மணி நேரம் கண்டிப்பா தூங்கணும்னு எழுதினேன். தூக்கக் கலக்கத்துல இருக்கிறவன் எழுதற கணக்கை எந்த ஆடிட்டரும் ஒத்துக்க மாட்டார்.

படிவம் நேத்துதான் வந்துச்சு. ஓடறவர் பேரு, வயசு, ரத்த வகை, டி-ஷர்ட் சைஸ் எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. க்ரூவுக்கு ஒரே ஒரு கட்டம்: வண்டி நம்பர். குட்டி யானை நம்பரை எழுதிட்டு, பக்கத்து மார்ஜின்ல அம்மா பேரு, மாமா பேரு, என் பேரு மூணையும் எழுதி, பட்டியலோட ஜெராக்ஸையும் பின் பண்ணி அனுப்பியிருக்கேன்.